பட்டணத்தை ஓட வைத்த புரளி!

காலை 6 மணி. அடுப்பில் பால் பொங்கப் போகிறது. மாமியார் மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறார். மருமகள் பிள்ளைக்குத் தலை வாருகிறாள். மேஜை மேல் இருக்கும் செல்போன் "டிங்" என்று சத்தம் போடுகிறது.

தாம்பரத்தில் இருக்கும் மாமியாரின் தம்பி ஒரு சேதி அனுப்பி இருக்கிறார்.

"நாளை முதல் மூன்று நாட்களுக்குப் பால் வராதாம். இன்றைக்கே வாங்கி வையுங்கள். தெரிந்தவர்களுக்கு எல்லாம் சொல்லுங்கள்."

தம்பிக்கு யார் சொன்னார்கள்? ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார். அவருக்கு யார் சொன்னார்கள்? அவருடைய மைத்துனர். மைத்துனருக்கு யார் சொன்னார்கள்? அதை யாரும் கேட்கவில்லை.

அரை மணி நேரத்தில் தெருமுனைக் கடையில் கூட்டம் கூடி விடுகிறது. ஒரு பாக்கெட் வாங்குகிறவர்கள் நாலு பாக்கெட் வாங்குகிறார்கள். 7 மணிக்குள் கடையில் பால் தீர்ந்து போகிறது. தாமதமாக வந்த கைக்குழந்தைக்காரி வெறும் கையோடு திரும்புகிறாள்.

"பார்த்தாயா? தம்பி சொன்னது சரியாகப் போய்விட்டது!" என்கிறார் மாமியார்.

சரியாகப் போகவில்லை. புரளியே பாலைத் தீர்த்துவிட்டது! ஆனால் அதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

இது சென்னையில் எத்தனையோ வீடுகளில் நடக்கிற கதை. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இதே பட்டணம் புரளியை நம்பி மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ஓடியதும் உண்டு. புரளியால் உயிர்கள் போனதும் உண்டு. செல்போன் வந்த பிறகு தொடங்கிய கதை அல்ல இது. 100 ஆண்டுகளுக்கு முந்திய கதை.

எம்டன் வந்த இரவு

1914-ம் ஆண்டு. ஐரோப்பாவில் முதல் உலகப் போர் மூண்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சென்னைக்கும் அந்தப் போருக்கும் வெகுதூரம் என்று ஜனங்கள் நினைத்திருந்தார்கள்.

செப்டம்பர் 22-ந் தேதி. இரவு 9 மணிக்கு மேல் இருக்கும். துறைமுகப் பக்கத்தில் இடி இடித்ததுபோல் சத்தம் கேட்டது. அடுத்து வானம் சிவந்தது. "எம்டன்" என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் இருட்டில் வந்து நின்று குண்டு போட்டுக்கொண்டிருந்தது. அதன் தலைவர் பெயர் கார்ல் வான் முல்லர்.

பர்மா எண்ணெய்க் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. ஐகோர்ட்டு வளாகத்திலும் குண்டு விழுந்தது. துறைமுகத்தில் நின்ற வியாபாரக் கப்பல் ஒன்றும் அடிபட்டது. சில உயிர்கள் பலியாயின. கரையில் இருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டன. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எம்டன் விளக்கை அணைத்துக்கொண்டு போயே போய்விட்டது.

ஆனால் அதற்குப் பிறகுதான் பட்டணத்தில் உண்மையான கலவரம் தொடங்கியது.

"மறுபடியும் வருகிறானாம்." "இன்று இரவே வருகிறானாம்." "கரையில் இறங்கிவிட்டானாம்." ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கதை. ரெயில் நிலையங்களில் கால் வைக்க இடம் இல்லை. ரெயிலில் இடம் கிடைக்காதவர்கள் மாட்டு வண்டியிலும் கால் நடையாகவும் கிளம்பினார்கள். கடைகள் மூடிக் கிடந்தன.

எம்டன் திரும்பி வரவே இல்லை. அதே ஆண்டு நவம்பர் 9-ந் தேதி இந்துமாக்கடலில் கோகோஸ் தீவுகள் அருகே "சிட்னி" என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் எம்டனை அடித்து நொறுக்கிவிட்டது. அந்தக் கப்பல் குண்டு போட்டது அரை மணி நேரம். அதைப் பற்றிய புரளி பட்டணத்தை ஆட்டி வைத்ததோ பல நாட்கள்!

சாமர்த்தியசாலியை "அவன் சரியான எம்டன்" என்று நம்மவர்கள் சொல்கிறார்களே, அந்தச் சொல் இப்படித்தான் பிறந்தது. ஐகோர்ட்டு வளாகத்தில் குண்டு விழுந்த இடத்தில் ஒரு நினைவுக் கல்லும் இருக்கிறது.

நூறு வயதுக் கதை

அந்தக் காலத்தில் ஜனங்கள் ஏன் அப்படி ஓடினார்கள்? அவர்கள் முட்டாள்கள் அல்ல. கேட்டு அறிந்துகொள்ள அவர்களுக்கு ஓர் இடம் இல்லை.

1911-ம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் 100 பேரில் சுமார் 6 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். "சுதேசமித்திரன்" தமிழில் நாளிதழாக வந்துகொண்டிருந்தது. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர், இருவர். மற்றவர்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ரேடியோ கிடையாது. சர்க்கார் வாய் திறப்பதற்குள் சந்தைக்கடை நூறு கதை பேசிவிடும்.

எம்டனோடு ஒட்டிக்கொண்ட ஒரு கதை இன்றும் சாகவில்லை. வீரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார், அவர்தான் சென்னைக்கு வழி காட்டினார் என்பது அந்தக் கதை. அவர் பெரிய தேசபக்தர். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் எம்டன் கப்பலில் இருந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்தச் சமயத்தில் அவர் ஐரோப்பாவில் இருந்துகொண்டு இந்திய விடுதலைக்கு ஆதரவு திரட்டிக்கொண்டிருந்தார். அப்படியும் புத்தகங்களிலும் மேடைகளிலும் அந்தக் கதை வந்துகொண்டே இருக்கிறது. காரணம், நாம் அதை நம்ப ஆசைப்படுகிறோம். பிடித்த கதை என்றால் யாரும் சாட்சி கேட்பது இல்லை!

கடற்கரையில் பேசிய பெட்டி

எம்டன் போன பிறகு பட்டணம் மெல்ல மெல்ல மாறியது. சேதி கேட்க ஒரு புதிய சாதனம் வந்தது. அதுதான் ரேடியோ.

சி.வி.கிருஷ்ணசாமி செட்டி என்ற என்ஜினீயர் முயற்சியால் 1924-ல் சென்னையில் ஒரு ரேடியோ சங்கம் ஏற்பட்டது. பணக்கஷ்டத்தால் சில ஆண்டுகளில் அது நின்றது. அதன் கருவியைச் சென்னை மாநகராட்சி வாங்கிக்கொண்டது. 1930 முதல் மாநகராட்சியே மாலை நேரங்களில் ஒலிபரப்பு நடத்தியது. வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். ஆகவே கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள். சுண்டல் தின்றுகொண்டே ஜனங்கள் பாட்டுக் கேட்டார்கள். 1938-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது.

இனிமேல் புரளிக்கு வேலை இல்லை என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் நாலே ஆண்டுகளில் பட்டணம் மறுபடியும் மூட்டை கட்டியது. இந்தத் தடவை "ஓடுங்கள்" என்று சொன்னது சந்தைக்கடை அல்ல. சர்க்காரே சொன்னது!

சிங்கங்கள் செய்த குற்றம் என்ன?

1942-ம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர். பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பர்மாவில் இருந்து தமிழர்கள் உடுத்திய துணியோடு சென்னைக்கு வந்து இறங்கினார்கள். அவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டே பட்டணம் நடுங்கிப் போயிருந்தது.

ஏப்ரல் 5-ந் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. "அடுத்தது சென்னைதான்" என்று எல்லோரும் நினைத்தார்கள். ஜப்பானியக் கப்பல் படை சென்னையை நோக்கி வருகிறது என்று சர்க்காருக்குத் தகவல் போயிற்று. அவசியமான வேலை இல்லாதவர்கள் எல்லாம் பட்டணத்தைக் காலி செய்யலாம் என்று சர்க்கார் அறிவித்தது. சர்க்கார் ஆபீஸ்களே உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன.

சர்க்காரே கிளம்பிய பிறகு ஜனங்கள் நிற்பார்களா? குடும்பம் குடும்பமாகச் சொந்த ஊர்களுக்குக் கிளம்பிவிட்டார்கள். தெருக்கள் வெறிச்சோடின. அந்தக் காலத்துப் பெரியவர்கள் "எவாக்குவேஷன்" என்று அந்த நாட்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வது உண்டு.

அப்போது சென்னையில் மிருகக்காட்சிசாலை ரிப்பன் மாளிகை அருகே இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கம், புலிகள் தெருவுக்கு வந்துவிடுமே என்று பயந்தார்கள். ஆகவே கூண்டுக்குள் இருந்த கொடிய மிருகங்களை எல்லாம் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தானா? வரவில்லை! அந்தக் கப்பல் படை இலங்கைப் பக்கமாக இன்னும் ஒரு தாக்குதல் நடத்திவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. ஜப்பானிய ராணுவம் சென்னைக் கரையில் கால் வைக்கவே இல்லை. ஊரை விட்டுப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பூட்டிய கதவைத் திறந்து, வாசலில் கோலம் போட்டார்கள்.

சிங்கங்கள்தான் திரும்பி வரவில்லை.

இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். பயந்தவர்கள் மனிதர்கள். தகவலைச் சரியாக எடை போடாதவர்களும் மனிதர்கள். உயிரைக் கொடுத்தவையோ வாய் இல்லாத ஜீவன்கள். புரளியின் குணமே இதுதான். பரப்புகிறவன் ஒருவன், விலை கொடுப்பவன் வேறு ஒருவன்.

கழுத்தில் கட்டு

யுத்தக் காலம் போயிற்று. அரசியல் காலம் வந்தது. புரளியும் கட்சி மேடை ஏறியது!

1967-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி எம்.ஜி.ஆர். அவருடைய ராமாவரம் வீட்டில் சுடப்பட்டார். சேதி காட்டுத்தீ போலப் பரவியது. ஆஸ்பத்திரி வாசலில் ஜனசமுத்திரம். "இருக்கிறாரா, இல்லையா?" என்பதுதான் எல்லோர் வாயிலும் இருந்த கேள்வி. கழுத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு அவர் படுக்கையில் உட்கார்ந்திருக்கும் படம் பிறகு வெளிவந்தது. அந்தப் படம் ஊர் ஊராகச் சுவரொட்டி ஆயிற்று. அடுத்த மாதம் நடந்த தேர்தலில் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார்.

1984-ல் அவர் முதல்-மந்திரியாக இருந்தபோது மறுபடியும் நோய்வாய்ப்பட்டார். சிகிச்சைக்காக அமெரிக்கா கொண்டு போனார்கள். அந்தச் சமயத்தில் தேர்தலும் வந்தது. "அவர் உயிரோடு இல்லை" என்றுகூடப் பேச்சு கிளம்பியது. அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும் காட்சிகளைப் படம் எடுத்து வந்து தமிழ்நாடு எங்கும் காட்டினார்கள். அவர் சாப்பிடுவதைப் பார்த்துக் கண்ணீர் விட்ட தாய்மார்கள் ஏராளம். ஆண்டிப்பட்டித் தொகுதிக்கு வராமலே அவர் வெற்றி பெற்றார். 1985 பிப்ரவரியில் ஊர் திரும்பினார்.

நூறு அறிக்கை செய்யாததை ஒரு படம் செய்தது. ஜனங்களுக்கு வேண்டியது கண்ணால் காணும் சாட்சி. அது கிடைத்தால் புரளி படுத்துவிடும்.

இறங்கி ஏறிய கொடி

சாட்சி கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? அதையும் சென்னை பார்த்தது.

2016-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல்-அமைச்சர் ஜெயலலிதா ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். 75 நாட்கள் அங்கே இருந்தார். அறிக்கைகள் வந்தன. படம் வரவில்லை. செல்போன்களில் கதைகள் றெக்கை கட்டிப் பறந்தன. புரளி பரப்பியதாகப் பலர் மீது போலீசார் வழக்குப் போட்டார்கள். ஆனால் வழக்கைக் கண்டு புரளி ஓய்ந்துவிடவில்லை.

டிசம்பர் 5-ந் தேதி மாலை. அவர் இறந்துவிட்டார் என்று சில டெலிவிஷன்கள் சொல்லிவிட்டன. கட்சித் தலைமை நிலையத்தில் கொடி அரைக் கம்பத்துக்கு இறங்கியது. அது உண்மை அல்ல, சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது என்று ஆஸ்பத்திரி மறுத்தது. இறங்கிய கொடி மறுபடியும் மேலே ஏறியது! அன்று இரவு 11.30 மணிக்கு அவர் காலமானார் என்ற அதிகாரபூர்வமான அறிவிப்பு நள்ளிரவுக்குப் பிறகு வந்தது.

முந்திக்கொண்டு சொல்ல வேண்டும் என்ற அவசரம் பத்திரிகைக்காரருக்கும் உண்டு, டெலிவிஷன்காரருக்கும் உண்டு. சில மணி நேரம் பொறுத்திருந்தால் கெட்டுப் போவது ஒன்றும் இல்லை. பொறுக்காமல் சொன்னால் கொடியைத்தான் ஏற்றி இறக்க வேண்டும்!

கடலைப் பார்த்து ஓட்டம்

பயத்துக்கு உண்மையான காரணம் இருக்கும்போதுதான் புரளி மிகப் பெரிதாக வளர்கிறது.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி காலை. சுனாமி வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அப்போது யாரும் எச்சரிக்கவில்லை. நாலு நாள் கழித்து, டிசம்பர் 30-ந் தேதி, "மறுபடியும் சுனாமி வரலாம்" என்று மத்திய உள்துறை எச்சரித்தது. கரையோர ஊர்கள் எல்லாம் ஓட்டம் பிடித்தன. பிணங்களைத் தேடிக்கொண்டிருந்தவர்களும், உதவி செய்ய வந்தவர்களும்கூட ஓடினார்கள். கடலோ அமைதியாக இருந்தது. அயல்நாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்று சொன்னதை நம்பிய எச்சரிக்கை அது என்று பிறகு தெரிந்தது. அதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று மத்திய மந்திரி கபில் சிபல் சொன்னார்.

அந்த அனுபவத்தால் ஒரு நன்மை விளைந்தது. 2007-ல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் ஏற்பட்டது. 2012-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி சுமத்ரா அருகே பெரிய பூகம்பம் நடந்தது. சென்னையிலும் கட்டிடங்கள் ஆடின. எச்சரிக்கை கொடுத்தார்கள். கடலின் அளவைக் கருவிகள் மூலம் பார்த்தார்கள். பெரிய அலை வரவில்லை என்று தெரிந்ததும் அன்று மாலையே எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். ஜனங்கள் வீட்டுக்குப் போய்ச் சோறு உண்டார்கள்.

உண்மையைச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் புரளிக்கு ஆயுள் குறைவு.

முதலை வந்ததா?

2015-ம் ஆண்டு டிசம்பர் முதல் வாரம். சென்னை வெள்ளத்தில் மிதந்தது. பல பகுதிகளில் மின்சாரம் இல்லை. டெலிபோன் இல்லை. அச்சகத்துக்கு ஆட்கள் போக முடியாமல் 1878-ல் தொடங்கிய "இந்து" ஆங்கிலப் பத்திரிகை டிசம்பர் 2-ந் தேதி சென்னையில் அச்சாகவே இல்லை.

பத்திரிகை வராத அந்த நேரத்தில் புரளி வந்தது. "முதலைப் பண்ணையில் இருந்து முதலைகள் தப்பிவிட்டன. வெள்ளத்தில் நீந்தி வருகின்றன" என்று ஒரு சேதி செல்போனுக்குச் செல்போன் தாவியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் முதலைப் பண்ணைக்காரர்கள் "ஒரு முதலைகூடத் தப்பவில்லை" என்று மறுத்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! தண்ணீருக்குப் பயப்படுவதா, முதலைக்குப் பயப்படுவதா?

1942-ல் சிங்கம் தெருவுக்கு வரும் என்ற பயம். 2015-ல் முதலை தெருவுக்கு வந்துவிட்டது என்ற பயம். 73 ஆண்டுகள் ஆகியும் பயம் மாறவில்லை. மிருகம்தான் மாறியது.

மிட்டாய் கொடுத்த மூதாட்டி

இதுவரை சொன்னதில் சிரிக்க இடம் இருந்தது. இனிச் சொல்வதில் அது இல்லை.

2018-ம் ஆண்டு. "பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் படங்கள் பரவின. இந்தியா முழுவதும் சுற்றிய ஒரு படத்தில், மோட்டார் சைக்கிளில் வருகிற இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பார்த்தவர்கள் குலை நடுங்கினார்கள். அது உண்மையில் பாகிஸ்தானில் கராச்சி நகரில் எடுத்த விளம்பரப் படம். பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்ல எடுத்தது. படத்தின் முடிவில் அந்த ஆட்கள் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். யாரோ ஒரு பாவி அந்த முடிவை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை அனுப்பினான்.

மே மாதம். சென்னையில் இருந்து ஒரு குடும்பம் காரில் கோவிலுக்குப் போயிற்று. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் வண்டியை நிறுத்தி வழி கேட்டார்கள். அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்ததும் காரில் இருந்த மூதாட்டி மிட்டாய் கொடுத்தார். எந்தப் பாட்டியும் செய்கிற காரியம் அது.

"பிள்ளை பிடிக்கிறவர்கள்!" என்று ஒரு குரல் எழுந்தது. கூட்டம் கூடியது. யாரும் விசாரிக்கவில்லை. அந்த மூதாட்டியை அடித்தே கொன்றுவிட்டார்கள். கூட வந்தவர்கள் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள்.

அடித்தவர்கள் பரம்பரைக் கொலைகாரர்களா? இல்லை. பெரும்பாலும் பிள்ளை குட்டிக்காரர்கள். தங்கள் பிள்ளைக்கு ஆபத்து என்று நம்பியவர்கள். அந்தச் சேதியை அவர்களுக்கு அனுப்பியவர்களும் விரோதிகள் அல்ல. அண்ணன், மாமா, சிநேகிதன். எல்லோரும் அன்பினால்தான் அனுப்பினார்கள். அந்த அன்பு கை மாறி, கை மாறி, கடைசியில் ஒரு பாட்டியின் தலையில் கல்லாக விழுந்தது.

அந்த ஆண்டு இந்தியாவில் பல மாநிலங்களில் இதுபோல் அப்பாவிகள் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான், ஜூலை மாதத்தில், ஒரு சேதியை ஒரே சமயத்தில் 5 பேருக்கு அல்லது 5 குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கம்பெனி கட்டுப்பாடு போட்டது. 2020-ல், பல கை மாறி வந்த சேதியை ஒரு தடவைக்கு ஒருவருக்கு மேல் அனுப்ப முடியாது என்று இன்னும் இறுக்கியது. ஆனால் பூட்டு போட்டது கம்பெனி. சாவி நம் விரலில் அல்லவா இருக்கிறது?

சென்டிரலில் நின்றவர்கள்

2023-ம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கம். பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று வட மாநிலங்களில் படங்கள் பரவின. வேறு ஊர்களில் வேறு காரணங்களுக்காக நடந்த சண்டைகளின் படங்கள் அவை. பீகாரில் இருந்த தாய்மார்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "உடனே வந்துவிடு மகனே" என்று டெலிபோனில் அழுதார்கள். சென்னையிலும் திருப்பூரிலும் தொழிலாளர்கள் ரெயில் நிலையத்துக்குப் போனார்கள். ஹோலிப் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்களோடு பயந்து போகிறவர்களும் கலந்து நின்றார்கள்.

தமிழ்நாடு போலீசார் படங்கள் பொய் என்று அறிவித்தார்கள். முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் பீகார் முதல்-மந்திரி நிதிஷ்குமாருடன் டெலிபோனில் பேசினார். பீகாரில் இருந்து அதிகாரிகள் குழு ஒன்று வந்து தொழிலாளர்களை நேரில் விசாரித்தது. பொய் பரப்பியவர்கள் கைது ஆனார்கள். போனவர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள்.

1914-ல் மூட்டையோடு ரெயில் நிலையத்தில் நின்றவர்கள் நம் பாட்டன், முப்பாட்டன்மார். 2023-ல் நின்றவர்கள் நமக்கு வீடு கட்டித் தருகிற, ஓட்டலில் இலை எடுக்கிற பிள்ளைகள். பாஷை வேறு. பயம் ஒன்றுதான்.

நாலு கேள்வி போதும்

புரளியைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. போலீஸ் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2023-ல் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றையும் ஏற்படுத்தியது. ஆனால் அவர்கள் வந்து சேர்வதற்குள் சேதி ஊரைச் சுற்றிவிடும். முதல் காவல் வீட்டில்தான் இருக்க வேண்டும். சேதி வந்தால் நாலு கேள்வி கேட்டால் போதும்.

ஒன்று: இதை நேரில் பார்த்தவர் யார்? "சொன்னார்கள்" என்றால் அது சாட்சி ஆகாது.

இரண்டு: எந்த ஊர், எந்தத் தேதி? ஊரும் தேதியும் இல்லாத சேதி, விலாசம் இல்லாத கடிதம் மாதிரி.

மூன்று: பத்திரிகை, வானொலி, டெலிவிஷன் இவற்றில் இரண்டு இடத்திலாவது வந்திருக்கிறதா? மழை, வெள்ளக் காலத்தில் மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077 என்ற எண்ணும், மாநில அளவில் 1070 என்ற எண்ணும் இருக்கின்றன. அங்கே கேட்கலாம்.

நான்கு: இது பொய்யாக இருந்தால் யாருக்கு அடி விழும்? இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. பால் தீர்ந்தால் கைக்குழந்தைக்கு. "பிள்ளை பிடிக்கிறவன்" என்றால் வழிப்போக்கனுக்கு. "அந்த ஊர்க்காரன்" என்றால் பிழைக்க வந்த ஏழைக்கு. பதில் சொல்ல வாய் இல்லாதவனுக்குத்தான் எப்போதும் அடி விழுகிறது.

2011-ம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 100 பேரில் 80 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும். எம்டன் காலத்து ஜனங்களுக்கு இல்லாத பாக்கியம் இது. அவர்களுக்குக் கேட்க இடம் இல்லை. நமக்கு இடம் இருக்கிறது. கேட்கத்தான் பொறுமை இல்லை.

மறுபடியும் அந்த வீட்டுக்கு வருவோம். அடுத்த வாரம் காலையில் செல்போன் மறுபடியும் "டிங்" என்கிறது. தாம்பரத்துத் தம்பிதான். இந்தத் தடவை உப்பு கிடைக்காதாம்.

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார். இரண்டு தடவை படிக்கிறார். வேறு யாருக்கும் அனுப்பவில்லை. தம்பியைத்தான் கூப்பிடுகிறார்.

"ஏண்டா, இதை உனக்குச் சொன்னது யாரு?"

"ஆபீசிலே சொன்னாங்க, அக்கா."

"அவர் பார்த்தாரா?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு தம்பி சிரிக்கிறார்.

அன்று அந்தத் தெருக் கடையில் எல்லோருக்கும் உப்பு கிடைத்தது.